எடை குறைந்தால் மார்பும் குறையுமா? நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரி பீச் ரோட்டில் காலை ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டார்கள், அதனால் ஐந்தரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடும் பெண்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடப்பதற்குள் சர்க்கரை, மாமியார், இட்லி மாவு எல்லாம் பேசி முடித்துவிடுவோம். ஒரு விஷயத்துக்கு மட்டும் குரல் தணியும். "எட்டு கிலோ குறைச்சேன்க்கா, மேலயும் காணாம போச்சு" என்பார் ஒருத்தர். பக்கத்தில் வருபவரோ, "எனக்கு எல்லா இடமும் குறையுது, இது மட்டும் குறைய மாட்டேங்குது, முதுகு வலி தாங்கல" என்பார்.

கேட்கும்போது நேரெதிர்ப் புலம்பல்களாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், மார்பை நாம் தசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கையும் தொடையும் மாதிரி சொன்னபடி கேட்கும் என்று. மார்பில் இருப்பது பால் சுரப்பி, அதைச் சுற்றிக் கொழுப்பு, இரண்டையும் பிடித்து வைக்கும் இணைப்புத் திசு, மேலே தோல். அவ்வளவுதான். தசை அதற்கு அடியில் விலா எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. இதில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பி எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொழுப்பு அதிகமாக உள்ளவருக்கு ஐந்து கிலோ குறைந்தாலே பளிச்சென்று தெரியும், சுரப்பி அதிகமாக உள்ளவருக்குப் பத்து கிலோ குறைந்தாலும் பெரிதாக மாறாது. வயதாக ஆகச் சுரப்பி சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும், அதனால் மாதவிடாய் நின்ற பிறகு எடை குறைப்பவர்களுக்கு வித்தியாசம் கூடுதலாகத் தெரியலாம். அக்கா தங்கைக்குள்ளேயே இது ஒத்துப்போகாது, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது!

முதல் தவறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. "இடுப்பு மட்டும் குறையணும், மேல குறையக் கூடாது" என்று ஜிம்மில் போய்க் கேட்பது, அதற்கு அவர்களும் ஒரு உடற்பயிற்சியைச் சொல்லித்தருவது. குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி கிடையாது. சாப்பிடுவதைவிடச் செலவு அதிகமானால் உடம்பு தன் இஷ்டப்படி எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கும், சிலருக்கு முதலில் முகம், சிலருக்கு மார்பு. எடை கூடும்போதும் இதே கதைதான். பண்ருட்டி முந்திரியைக் கிலோ கணக்கில் தின்றால் எடை நிச்சயம் கூடும், கூடிய கொழுப்பு எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. பெரும்பாலும் உட்காரக் கூடாத இடத்தில்தான் உட்காரும்.

இரண்டாவது நானே செய்த தவறு. தம்பி கல்யாணம் தை மாதத்தில். கார்த்திகையில் திடீரென்று ஞானம் வந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, காலையில் நடை, மாலையில் ஜிம் என்று இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறக்கினேன். ஜாக்கெட் தைத்த அக்கா இரண்டு முறை பிடித்துத் தைத்தார். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள், கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கு மட்டும் காற்று இறங்கிய பலூன் ஞாபகம் வந்தது. இழுபட்டிருந்த தோலுக்குச் சுருங்கி ஒட்ட நேரம் வேண்டும், உள்ளே இருக்கும் கொழுப்பு வேகமாகப் போய்விட்டால் தோல் தொளதொளவென்று நிற்கும். வாரத்துக்கு அரை கிலோ, அதிகபட்சம் ஒரு கிலோ என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இதற்கும் சேர்த்துத்தான். மெதுவாகக் குறைத்தால் கொஞ்சமும் சரியாது என்று சொல்லவில்லை. இருபத்தைந்து முப்பது கிலோ குறைப்பவர்களுக்கு எப்படிக் குறைத்தாலும் கொஞ்சம் சரியத்தான் செய்யும், அதற்காக அந்த எடையைச் சுமந்துகொண்டே இருக்க முடியுமா? இதைவிட மோசம், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் குறைத்து அப்புறம் பந்தியில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்வது. தோல் ஒன்றும் ரப்பர் பேண்டு இல்லை, எத்தனை தடவைதான் இழுபட்டுச் சுருங்கும்?

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு மாதவிடாயும் தள்ளிப்போனது. "வெயிட் குறையுதுல்ல, அப்படித்தான்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பு. சாப்பாடு போதாமல் பயிற்சி மட்டும் அதிகமானால், இது பஞ்ச காலம் என்று நினைத்து மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், அப்படியே தொடர்ந்தால் எலும்பும் பலவீனமாகும். மார்பின் அளவெல்லாம் அதற்கு முன்னால் ஒரு கவலையே இல்லை. தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள், கல்யாணம் ஆனவர் என்றால் அதற்கு முன்னாலேயே கர்ப்பமா என்று ஒரு டெஸ்ட். சாப்பாட்டில் புரதத்தைக் கைவிடாதீர்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன கணக்குப்படி 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம் வருகிறது. மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அதைத் தராது. கடலூர் துறைமுகத்து மத்தி மீன் நூறு கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம் இருக்கிறது, விலையும் குறைவு. வறுக்காமல் குழம்பு வையுங்கள்.

அடுத்து, டம்பெல். இதில் இரண்டு கட்சி. புஷ்-அப் எடுத்தால் மார்பு பெரிதாகும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம், வெயிட் தூக்கினால் தட்டையாகி ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் சரியில்லை. அடியில் இருக்கும் தசை உறுதியாகும், மேலே இருக்கும் மார்பு அதனால் வளரவும் வளராது, கரையவும் கரையாது, அடித்தளம் நிமிர்வதால் தோற்றத்தில் சின்ன வித்தியாசம் தெரியலாம். என்னைக் கேட்டால் மார்புத் தசையைவிட முதுகுக்குத்தான் முதல் மரியாதை. பெரிய மார்பு உள்ள பலர் பள்ளிக்கூட நாளிலிருந்தே தோளைக் குறுக்கிக் கூனி நடந்து பழகியவர்கள், பாதி முதுகு வலி அங்கிருந்துதான் வருகிறது. ஜிம் பிடிக்கவில்லையா, சமையல் மேடையில் கையை ஊன்றிச் சாய்ந்து எழுந்தால் அதுவும் புஷ்-அப்தான். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

சரி, நான் நிறையப் பேச நினைப்பது பிராவைப் பற்றி. வீட்டில் போடும் பழைய பருத்தி பாடியோடு ஓடுவது, பத்தவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டுவது. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் சேர்ந்து எட்டு என்ற எண்ணைப் போட்ட மாதிரி சுற்றுகிறது என்பதை இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். உள்ளே பிடித்து வைக்க இருப்பதோ தோலும் கூப்பர் நார்கள் என்னும் மெல்லிய நார்களும்தான். வலி வந்து ஓட்டத்தையே நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் பிராவே 1977-இல்தான் பிறந்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் உள்ளே போடும் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்பை வெட்டி ஒன்றாகத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். ஆம்பளைகளுக்கு நூறு வருடம் முன்னாலேயே கிடைத்துவிட்ட தாங்கல் நமக்கு வர அவ்வளவு காலம் ஆனது.

நேரு வீதியில் ஒரு கடையில் நான் வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். கவுன்ட்டரில் ஒரு பையன். ஒரு பார்வை பார்த்துவிட்டு "36 தானேக்கா" என்றான். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கி வந்து ஒரு வருடம் போட்டேன். அளவு வீட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். மார்புக்குக் கீழே டேப்பைச் சற்று இறுக்கி ஒரு அளவு, மார்பின் எடுப்பான பகுதியில் தளர்வாக ஒரு அளவு. கீழே 32 இன்ச், மேலே 35 என்றால் வித்தியாசம் மூன்று, அதாவது 32 சி. ஒரு இன்ச்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும், போட்டுப் பார்த்துத்தான் முடிவு. எடை குறைந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், முதுகுச் சுற்றளவு குறைந்ததும் 36 பி-யிலிருந்து நேராக 34 பி-க்கு இறங்கிவிடுவார்கள். கப்பின் கொள்ளளவு பட்டையோடு சேர்ந்து மாறும் என்பதால் 34 பி-யின் கப் சின்னது, 36 பி-யின் கப் 34-இல் சி என்றுதான் வரும். சி என்றதும் பெருமையோ வெட்கமோ வேண்டாம், அது வெறும் கழித்தல் கணக்கு. தாங்குவதில் பெரும் பங்கு கீழ்ப் பட்டைக்குத்தான், தோள் வாருக்கு இல்லை. புதிதாக வாங்கும்போது தளர்வான கடைசிக் கொக்கியிலேயே சரியாகப் பிடிக்க வேண்டும், எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே மாற்றிக்கொள்ளலாம். தினமும் ஓடுகிறவர் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றியே ஆகவேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் அளவெடுக்காதீர்கள், அப்போது ஹார்மோனால் வீங்கியிருக்கும்.

கிரீம், மசாஜ் எண்ணெய், வெந்தயக் கஷாயம்: எதுவும் பெரிதாக்காது, சின்னதாக்காது, தூக்கி நிறுத்தாது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பால் கொடுத்ததால்தான் சரிந்துவிட்டது என்று குழந்தை மேல் பழி போடுவதையும் விட்டுவிடலாம். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தபோது வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, புகைப்பழக்கம் எல்லாம் காரணமாகத் தெரிந்தன, பால் கொடுத்தது தெரியவில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. அந்தச் சமயத்தில் பட்டினி டயட் எதற்கு? நடங்கள், மிதமான பயிற்சியால் பால் வற்றாது.

ஆண்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. கொழுப்பால் வந்த மார்பு எடை குறைந்தால் குறையும். காம்புக்கு அடியில் தட்டையான வட்டுப் போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது சுரப்பியாக இருக்கலாம், எத்தனை பெஞ்ச் பிரஸ் அடித்தாலும் போகாது. ஜிம்மில் யாராவது தரும் ஸ்டீராய்டு ஊசியால் அது வரவும் செய்யும்.

கடைசித் தவறுதான் ஆபத்தானது, எந்த மாற்றத்தையும் "வெயிட் குறைஞ்சதால" என்று தள்ளிவிடுவது. எடை குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து, மெதுவாகக் குறையும். ஆரம்பத்திலிருந்தே ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக அளவு மாறினால், தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிந்தால், காம்பு உள்ளே இழுத்தால், ரத்தம் கசிந்தால், கட்டி தட்டுப்பட்டால் காத்திருக்காதீர்கள். கொழுப்பு குறைந்த பிறகு ஏற்கெனவே உள்ளே இருந்தது கைக்குத் தெரிய ஆரம்பிப்பதும் உண்டு, அதில் பல சாதாரணச் சுரப்பி முடிச்சுகள்தான், ஆனால் எது எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, கடலூரிலிருந்து பஸ் ஏறினால் காலையிலேயே போய்விடலாம். ஓ.பி. சீட்டுக்குச் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள், அன்றைக்கு ஒரு நாள் நடையை விட்டால் ஒன்றும் ஏறிவிடாது.