ஈஸ்ட்ரஜன் ஜெல் போட ஆரம்பித்த பிறகு

மாதவிடாய் நின்றபின் உடம்பில் குப்பென்று ஏறும் சூடுதான் என்னை ரொம்பப் படுத்தியது. நடுராத்திரியில் நைட்டி நனைந்து தலையணை உறை வரை மாற்ற வேண்டியிருக்கும். "எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ" என்றாள் அக்கா. ஏன் பொறுக்க வேண்டும்?

மகப்பேறு மருத்துவர் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே), ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார், ரத்தக்கட்டு வந்ததுண்டா என்றும் கேட்டார். அப்புறம், மாதவிடாய் நின்றபின் உடம்பில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோனை ஜெல்லாக எழுதினார். மாத்திரையைவிடத் தோல் வழியாகப் போகும் மருந்தில் ரத்தக்கட்டு அபாயம் குறைவு. குளித்துத் துடைத்ததும் மேல்கையில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே ரவிக்கை போடுவேன். அந்த இடத்தைப் பேரன் தொடாமலும் பார்த்துக்கொள்வேன். கர்ப்பப்பை இருப்பதால் இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் உண்டு. ஈஸ்ட்ரஜன் மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். புரோஜெஸ்டிரோன் தூக்கத்தையும் கூட்டிவருகிறது, எனக்கு வரம்தான்.

ஹார்மோன் மருந்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடும் என்று, 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வைச் சொல்லிப் பலர் பயமுறுத்தினார்கள். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாக ஆபத்தைவிடப் பலனே அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இந்த ஹார்மோன் சிகிச்சை ஆகாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன, கேளுங்கள்.

சில வாரங்களில் சூடு தணிந்தது. இப்போது விடியும்வரை தூங்குகிறேன்.