ஜாஸ்பர் ரிப்போர்ட்டில் நிறம் மாறவில்லையா? கண்டிஷனல் ஸ்டைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கிண்டியில் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் ஜாஸ்பரில் (ஜாவாவில் ரிப்போர்ட் தயாரிக்கும் கருவி) செய்த ஒரு பாக்கி ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 90 நாள் தாண்டிய தொகை சிவப்பாக வர வேண்டும், வரவில்லை. கண்டிஷனல் ஸ்டைலில், அதாவது நிபந்தனை உண்மையானால் மட்டும் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலில், கண்டிஷனைப் பத்து தடவை மாற்றி எழுதியிருந்தார்கள். தப்பு கண்டிஷனில் இல்லை. நான் பல வருடம் முன்பு விழுந்த அதே பள்ளம்தான்.

ஃபீல்டு பெயரைத் தப்பாக அடிப்பது, அடைப்புக்குறியை மூடாமல் விடுவது எல்லாம் கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எரர் காட்டாமல் தப்பான ரிப்போர்ட்டைக் கொடுப்பவைதான் ஆபத்து.

ஃபீல்டிலேயே நிறம் கொடுத்துவிட்டு ஸ்டைலையும் மாட்டுவது

நிறம், எழுத்துரு போன்ற எந்தப் பண்பையும் ஜாஸ்பர் முதலில் அந்த எலிமென்ட்டில்தான் (ரிப்போர்ட்டில் வைக்கும் ஃபீல்டு, கோடு போன்றவை) தேடும். அங்கே எழுதியிருந்தால் அதோடு சரி. இல்லாவிட்டால்தான் ஸ்டைலுக்குப் போகும். கண்டிஷனல் ஸ்டைல் தன் தாய் ஸ்டைலை, அதாவது தான் உட்கார்ந்திருக்கும் ஸ்டைலை, மீறும். எலிமென்ட்டில் எழுதியதை மீறாது.

கறுப்புதானே என்று பிராப்பர்ட்டீஸில் ஃபோர்கலரை, அதாவது எழுத்து நிறத்தை, தொட்டாலே போதும், ரிப்போர்ட்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் கறுப்பு எழுதப்பட்டுவிடும். பழைய ரிப்போர்ட்டிலிருந்து டெக்ஸ்ட் ஃபீல்டைக் காப்பி செய்தாலும் அது கூடவே வரும். டிசைனரில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

நான் செய்த ரிப்போர்ட் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரிக்குப் போனது. திங்கள்கிழமை காலையில் அச்செடுத்து, சிவப்பு வரியில் இருக்கும் கடைகளுக்குச் சரக்கை நிறுத்துவார்கள். மூன்று வாரம் எல்லா வரியும் கறுப்பாகவே வந்தது. அண்ணாச்சி என்னைத் திட்டக்கூட இல்லை. "தம்பி, சிவப்பு இருந்தா நிறுத்துவோம். சிவப்பே வரலையே, அதான் அனுப்பிட்டோம்" என்றார். 90 நாள் தாண்டியும் பணம் தராத கடைகளுக்கு மறுபடியும் லோடு போயிருந்தது. இன்றும் யாராவது ஃபீல்டில் நேரடியாக நிறம் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சோர்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த எலிமென்ட்டில் ஃபோர்கலர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள். கறுப்பு வேண்டுமென்றால் அதைத் தாய் ஸ்டைலில் வையுங்கள்.

காரணம் புரியாமல் சிலர் ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள்: ஒரே இடத்தில் சிவப்பு ஃபீல்டு ஒன்று, கறுப்பு ஃபீல்டு ஒன்று, இரண்டுக்கும் பிரின்ட் வென் எக்ஸ்பிரஷன் (எப்போது அச்சாக வேண்டும் என்ற நிபந்தனை). ஒன்றில் 90க்கு மேல், இன்னொன்றில் 90க்குக் கீழ் என்று எழுதினால், சரியாக 90 நாள் ஆன பாக்கி ரிப்போர்ட்டிலிருந்தே காணாமல் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வரிசையைக் கவனிக்காமல் விடுவது

ஒரு ஸ்டைலுக்குள் பல கண்டிஷன்கள் இருந்தால், முதலில் பொருந்துவதோடு ஜாஸ்பர் நிற்பதில்லை. உண்மையாகிற எல்லாமே வரிசையாக ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். 90க்கு மேல் சிவப்பு என்று முதலிலும், 30க்கு மேல் ஆரஞ்சு என்று அடுத்தும் எழுதினால் 120 நாள் பாக்கியும் ஆரஞ்சாகத்தான் வரும். லேசானது முதலில், கடுமையானது கடைசியில்.

பின்னணி நிறம் வரவில்லை

ஃபீல்டின் மோடை ஒபேக் (பின்னணி தெரியும்படி) ஆக்குங்கள். டெக்ஸ்ட் ஃபீல்டு இயல்பாக ட்ரான்ஸ்பரன்ட்.

நல் (null) மதிப்பை மறப்பது

கெடு தேதி பதிவாகாத பில்லுக்கு நாள் கணக்கு null ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், வரும். ரிப்போர்ட்டின் கண்டிஷன்களை எழுதும் மொழி ஜாவா என்றால், ஒப்பிடும் இடத்தில் எழும் null எரரை ஜாஸ்பர் இயல்பாகச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, கண்டிஷன் பொருந்தவில்லை என்றே எடுத்துக்கொள்ளும்.  க்ரூவி என்ற இன்னொரு மொழி என்றால் 90ஐ விடப் பெரிதா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வரும்; எப்படியானாலும் அந்த வரி கறுப்பாகப் போய்விடும். பணம் எப்போது வர வேண்டும் என்றே தெரியாத பில், பிரச்சினை இல்லாத பில் போலத் தெரியும். null மதிப்புக்கென்று தனியாக ஒரு கண்டிஷனும் நிறமும் வையுங்கள்.

தொகை பிக்டெசிமலாக (தசம எண்களுக்கான ஜாவா வகை) இருந்தால் இன்னொன்று. பூஜ்யமா என்று பார்க்க ஈக்வல்ஸ் (equals) போடாதீர்கள். அதற்கு 0 வேறு, 0.00 வேறு. கம்பேர்டூ (compareTo) போடுங்கள்.

ஜாவாவில் சொற்களை இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிடுவது

ஈக்வல்ஸ் இங்கேதான் வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்புவது

பாரிமுனைக் கடைகளில் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை லேசர் பிரின்டர்தான். சிவப்பு எழுத்து அதில் மங்கலான சாம்பலாக விழும். முக்கியமான வரி மற்ற வரிகளைவிட மங்கிப்போகும். அதே கண்டிஷனல் ஸ்டைலில் போல்டையும் சேருங்கள். அப்புறம் உங்கள் திரையில் பார்ப்பதோடு விடாமல், அவர்கள் பிரின்டரில் ஒரு தாள் அச்செடுத்துப் பாருங்கள்.