வளைந்த படிக்கட்டுக்குக் கைப்பிடி வரைதல்: ஆட்டோகேடில் ஒரு செய்முறை

நேரான படிக்கட்டுக்குக் கைப்பிடி வரைய ஒரு கோடும் ஒரு வட்டமும் போதும். படிக்கட்டு வளைந்துவிட்டால் கைப்பிடி சுற்றிக்கொண்டே ஏறவும் வேண்டும். ஆகவே பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில், ஒரு வில்லை வரைந்து அதை மேலே தூக்கி வைப்பதால் பயனில்லை. இதற்கென, கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், ஏறும் சுருளை வரையும் ஹீலிக்ஸ் என்னும் கட்டளை 2007 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கட்டளை எளிது. தவறு நேர்வதெல்லாம் அதற்குக் கொடுக்கும் எண்களில்தான் என்பதால், இந்தக் கட்டுரையின் முதல் பகுதி முழுவதும் கணக்காகவே இருக்கும். ஆட்டோகேட் எல்டி என்ற சுருக்கப் பதிப்பில் திட உருவங்களை உருவாக்க இயலாது. முழுப் பதிப்பு வேண்டும். ‘படி’ என்ற சொல் மாடிப்படிக்கும் செய்முறைக்கும் பொதுவாக இருந்து குழப்புவதால், செய்முறையின் பகுதிகளைக் ‘கட்டம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் கட்டம்: கணக்கு

எடுத்துக்காட்டாக, அரைவட்டமாகத் திரும்பும் ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை உயரம் 3040 மி.மீ. இதை 160 மி.மீ. வீதம் 19 ரைசர்களாக, அதாவது படிகளின் செங்குத்து ஏற்றங்களாக, பிரித்திருக்கிறோம். கால் வைக்கும் பலகைகள், அதாவது டிரெட்கள், 18. ஒவ்வொன்றும் 10 டிகிரி, ஆக மொத்தம் 180 டிகிரி. கடைசி ரைசரை ஏறியதும் கால் படுவது மேல்தளத்தில் என்பதால் டிரெட்டின் எண்ணிக்கை எப்போதும் ரைசரைவிட ஒன்று குறைவு. உள் ஆரம் 900, வெளி ஆரம் 2100.

கைப்பிடி தொடர்வது தரையை அன்று, நோசிங் எனப்படும் படிமுனைகளை. முதல் படிமுனை 160 மி.மீ. உயரத்தில் இருக்கிறது; கடைசிப் படிமுனை மேல்தளத்தின் விளிம்பு, அதாவது 3040. இரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றம் 18 × 160 = 2880. ஹீலிக்ஸுக்குக் கொடுக்க வேண்டிய உயரம் இதுவே. நான் முதன்முதலில் வரைந்தபோது தள உயரமான 3040-ஐயே கொடுத்துவிட்டேன். திரையில் படம் அழகாகவே இருந்தது; கைப்பிடி மேலே போகப் போகப் படியைவிட்டு விலகி, இறுதியில் ஒரு முழுப் படி உயரம் அதிகமாகிவிட்டதை, குழாய் வளைக்க வந்தவர் டேப்பை வைத்துப் பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

கைப்பிடியின் மேல்விளிம்பு படிமுனைக்கு மேல் 900 மி.மீ. என்று வைப்போம். படிக்கட்டுக் கைப்பிடிக்கு இங்கிலாந்தின் கட்டட விதி 900 முதல் 1000 வரையும், அமெரிக்காவின் குடியிருப்பு விதி 34 முதல் 38 அங்குலம் வரையும் கேட்கின்றன. உங்கள் ஊரில் பொருந்தும் விதியைக் கட்டடக் கலைஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். குழாயின் விட்டம் 50 என்றால் அதன் மையம் 875-இல் அமையும். எனவே கைப்பிடியின் மையக்கோடு 160 + 875 = 1035-இல் தொடங்கி, 3915-இல் முடியும். வெளிவிளிம்பிலிருந்து 60 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பதால் மையக்கோட்டின் ஆரம் 2040.

இரண்டாம் கட்டம்: ஹீலிக்ஸ்

மெட்ரிக் டெம்ப்ளேட்டில் புதிய கோப்பைத் திறந்து, ஐசோமெட்ரிக் பார்வைக்கு மாறுங்கள். ஹீலிக்ஸ் கட்டளையைத் தட்டி, மையமாக 0,0,1035 என்று கொடுங்கள். அடி ஆரம் 2040, மேல் ஆரமும் 2040. உயரம் கேட்கும்போது உடனே எண்ணைக் கொடுத்துவிடாமல், முதலில் டர்ன்ஸ் என்ற விருப்பத்தைத் தேர்ந்து 0.5 என்று இடுங்கள். இயல்பாக அது மூன்று சுற்று என்று வைத்திருக்கும். அதன்பின் 2880. அருகிலேயே உள்ள டர்ன் ஹைட் என்ற விருப்பம் முழுச் சுற்று ஒன்றின் உயரத்தைக் கேட்கிறது. அதில் 2880 கொடுத்தால் அரைச் சுற்றுக்கு 1440 மட்டுமே கிடைக்கும்.

சுருள் இயல்பாக இடஞ்சுழியாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஏறும். வலஞ்சுழி வேண்டுமெனில் ட்விஸ்ட் விருப்பத்தில் மாற்றலாம். தொடக்க முனை 2040,0,1035 என்ற புள்ளியில் இல்லையென்றால் ரொட்டேட் கட்டளையால் திருப்பி அங்கே கொண்டுவாருங்கள். பிறகு சுருளைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் மொத்த நீளத்தைப் பாருங்கள். 7026.2 என்று இருந்தால் எல்லா எண்களும் சரி.

மூன்றாம் கட்டம்: மேல்தளத்தில் சமப்படுத்துதல்

சுருள் 24.2 டிகிரி சாய்வில் ஏறி வந்து சட்டென்று நிற்கிறது. அங்கிருந்து கைப்பிடி கிடைமட்டமாகத் தொடர வேண்டும். பலரும் அதே 3915 உயரத்தில் ஒரு கோட்டை வரைந்து, இரண்டையும், இடைவெளியை வளைவால் நிரப்பும் பிளெண்ட் கட்டளையால் இணைப்பார்கள். ஏறி வந்த வேகத்தில் வளைவு மேலெழும்பி, பிறகு கீழிறங்குவதால் அந்த இடத்தில் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு உருவாகிவிடும். கையை வழுக்கிக்கொண்டு போனால் அந்த மேடு நன்றாகவே தட்டுப்படும்.

இதைத் தவிர்க்கக் கோட்டைச் சிறிது உயர்த்த வேண்டும். இணைப்பு நிகழும் இடைவெளி 200 மி.மீ. என்றால், அதில் பாதியான 100-ஐச் சாய்வு விகிதமான 0.449-ஆல் (ஏற்றம் 2880-ஐப் பிளானில் உள்ள வில் நீளம் 6409-ஆல் வகுத்தது) பெருக்குங்கள், 45 கிடைக்கும். ஆகவே -2040,-200,3960 என்ற புள்ளியிலிருந்து -2040,-800,3960 வரை கோடு வரைந்து, பிளெண்ட் கட்டளையில் கன்டின்யூட்டியை டேன்ஜென்ட் என வைத்து, சுருளின் முனையையும் கோட்டின் முனையையும் தேர்ந்தெடுங்கள். மூன்று துண்டுகளையும் ஜாயின் கட்டளையால் சேர்த்தால் ஒரே ஸ்ப்ளைனாக, அதாவது ஒரே தொடர் வளைகோடாக, மாறிவிடும். சேர்ப்பதற்கு முன் சுருளை மட்டும் ஒரு நகல் எடுத்து வேறு லேயரில் வையுங்கள்; கைப்பிடிக்குக் கீழே நிற்கும் கம்பிகளுக்கு அது தேவைப்படும்.

நான்காம் கட்டம்: ஸ்வீப்

25 ஆரத்தில் ஒரு வட்டத்தை எங்கேனும் வரைந்து, ஒரு வடிவத்தைப் பாதை நெடுக இழுத்துத் திட உருவமாக்கும் ஸ்வீப் கட்டளையில் முதலில் வட்டத்தையும் பிறகு பாதையையும் தேர்ந்தெடுங்கள். வட்டம் தானாகவே பாதைக்குச் செங்குத்தாக நின்றுகொள்ளும். மரக் கைப்பிடிக்கான செவ்வக வடிவம் என்றால் கவனம் வேண்டும்: அதன் மேல்பரப்பு அகலவாக்கில் எங்கும் சரியக் கூடாது. இரு முனைகளையும் நெருங்கிப் பாருங்கள்; சரிந்திருந்தால் ஸ்வீப்பின் ட்விஸ்ட் விருப்பத்தில் உள்ள பேங்க் என்பதை மாற்றி மீண்டும் செய்யுங்கள். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையை ஸ்வீப் பலகத்தில் உள்ள ஃப்ரெனே என்ற பெட்டி செய்கிறது.

ஐந்தாம் கட்டம்: நிற்கும் கம்பிகள்

பிளானில் கைப்பிடியின் கோட்டில் ஒரு படிக்கு 356 மி.மீ. வில் நீளம் வருகிறது. 16 மி.மீ. கம்பிகளைப் படிக்கு மூன்றாக நிறுத்தினால் இடைவெளி 102.7, குழந்தையின் தலை நுழையாதிருக்க இங்கிலாந்து விதி கேட்கும் 100 மி.மீ. வரம்பை இது மயிரிழையில் தாண்டுகிறது. நான்காக நிறுத்தினால் 73. நான்கும் ஒரே நீளமாக இருக்க முடியாது. படி சமமாக இருக்கக் கைப்பிடி ஏறுவதால், டிரெட்டிலிருந்து குழாய் மையம் வரை முறையே 875, 915, 955, 995. இந்த நான்கையும் ஒரு தொகுப்பாக்கி, நகலெடுத்து வைத்த சுருளின் மீது, பாதை நெடுக நகல்களை அடுக்கும் பாத் அரே செய்யுங்கள்: மெஷர் முறை, தொலைவு 390.34 (சுருளின் மொத்த நீளத்தை 18-ஆல் வகுத்தது), எண்ணிக்கை 18. இசட் டைரக்‌ஷன் விருப்பத்துக்கு ஆம் என்று கொடுத்தால்தான் கம்பிகள் சாயாமல் நிமிர்ந்து நிற்கும்.

உள்பக்கக் கைப்பிடிக்கும் இதே முறைதான். ஆரம் 960; சுருளின் நீளமும் கம்பிகளின் தொலைவும் அதற்கேற்ப மாறும். அங்கே சாய்வு 43.7 டிகிரி ஆகிவிடுவதால், மூன்றாம் கட்டத்தின் பெருக்கு எண் 0.955.

குழாய் வளைப்பவருக்குப் படம் கொடுக்கும்போது பிளானில் தெரியும் 2040 ஆரத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். சாய்ந்து ஏறும் குழாயின் உண்மையான வளைவு அதைவிடத் தட்டையானது: 2040-ஐ 1 + 0.449² என்பதால் பெருக்கினால் ஏறத்தாழ 2452. உள்பக்கக் குழாய்க்கு 1835. ரோலர் எந்திரத்தில் 2040 என்று வைத்து வளைத்துவிட்டுத் தளத்தில் சாய்த்து நிறுத்தினால், பிளானில் வட்டம் சுருங்கி, குழாய் கம்பிகளின் தலையில் உட்காராமல் படிக்கட்டின் உள்பக்கமாக ஒதுங்கி நிற்கும்.