குறைந்த செலவில் வீட்டைப் புதுப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்கள் சாய அட்டைகளைக் கையில் எடுத்துவிடுகின்றன. ஐயாயிரம் வெள்ளிக்குள் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை இருமடங்கை விழுங்கிய கதையை உறவினர் வீடுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவரையில், விலையுயர்ந்த பொருளை வாங்கியதால் திணறியவர்கள் குறைவு. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்து, ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுத்தவர்களே மிகுதி.

அதற்கு என் பெற்றோரின் மூவறை வீடே சான்று. குளியலறைக் கூரையில் சாயம் உப்பி, ஓரிடத்தில் காரை பெயரத் தொடங்கியிருந்தது. வந்த குத்தகையாளர் அதைச் சுரண்டி, புட்டி பூசி, மேலே வெள்ளைச் சாயம் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் முன்னிலும் பெரிதாக உப்பியது. பழைய வீடுகளில் ஈரம் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளும். துருவை நீக்கிக் கம்பிக்குக் காப்புப் பூச்சு அடிக்காமல் மேலே எத்தனை முறை சாயம் பூசினாலும் அது நிற்காது. கூரை ஒழுகுவதற்கு மேல்வீட்டுக் குளியலறைத் தரை காரணமாக இருந்தால், பழுதுபார்ப்பதில் இரு வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (எச்டிபி) நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படியோர் உதவி இருப்பதை அறியாமல் என் பெற்றோர் முழுச் செலவையும் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள் என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இதைவிடப் பெரிய தொகையை இழக்கவைக்கும் தவறும் ஒன்று உண்டு. பழைய கழக வீடுகளைப் புளோக் புளோக்காகச் சீரமைக்க 2007ஆம் ஆண்டில் அறிமுகமான இல்ல மேம்பாட்டுத் திட்டம், தொடக்கத்தில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் இருந்து, பின்னர் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெயர்ந்துவிழும் கான்கிரீட்டைச் சரிசெய்தல், கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல் முதலிய அடிப்படை வேலைகளுக்குக் குடிமக்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. குளியலறைப் புதுப்பிப்பு, வாசற்கதவு, இரும்புக் கதவு ஆகியவை விருப்ப வேலைகள். அவற்றுக்கு வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு வரை கட்டினால் போதும். உங்கள் புளோக்கில் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினராவது ஆதரித்து வாக்களித்த பிறகே வேலை தொடங்கும் என்பதால் சற்றுக் காத்திருக்க நேரிடலாம். ஆயினும், உங்கள் புளோக்கின் முறை நெருங்குகிறதா என்று விசாரிக்காமல் சொந்தப் பணத்தில் குளியலறையை இடித்துக் கட்டுவது சிறிய பட்ஜெட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

புதிய வீட்டுக்காரர்களின் தவறு வேறு வகையானது. புளோக் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைச் சுவர், தரை ஓடுகளைப் பெயர்க்கக் கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடக் கூடாது என்பதே காரணம். வீட்டுக்குள் உள்ள பாம் ஷெல்டர் எனும் பாதுகாப்பறையின் சுவரையோ இரும்புக் கதவையோ எக்காலத்திலும் இடிக்கவோ அகற்றவோ முடியாது. சுவரை இடிப்பது, ஓடுகளைப் பெயர்ப்பது போன்ற வேலைகளுக்கு அனுமதி தேவை. கழகத்தில் பதிந்துகொண்ட குத்தகையாளரே அவற்றைச் செய்யவேண்டும். சாயம் அடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

விலைப்பட்டியலைப் படிக்காமல் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி சேர்க்கப்பட்டுள்ளதா, பழைய அலமாரியைக் கழற்றி அப்புறப்படுத்தும் கூலி அடங்கியுள்ளதா, மின்கம்பி வேலையை உரிமம் பெற்றவர் செய்வாரா என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பயனீட்டாளர் சங்கம் வழங்கும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனமாக இருந்தால், அது வேலை முடியுமுன் மூடப்பட்டாலும் நீங்கள் கட்டிய முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த அங்கீகாரம் இல்லாதவர் பாதித் தொகையை முன்கூட்டியே கேட்டால், அவர் எவ்வளவு மலிவாகச் செய்வதாகச் சொன்னாலும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

தரைக்கு வருவோம். பழைய ஓடுகளின் மேலேயே வினைல் பதிப்பது செலவைக் குறைக்கும் நல்ல வழி. நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதற்குமுன் ஒவ்வோர் ஓட்டையும் ஐம்பது காசு நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்ற ஒலி வந்தால் அந்த ஓடு அடியில் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள்; அது நாளை மேலெழும்பினால் வினைலையும் சேர்த்துத் தூக்கிவிடும். தரை உயர்வதால் கதவுகளின் அடிப்பகுதியை அறுக்க வேண்டிவரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். வாளியில் நீர் மொண்டு ஊற்றித் தரை கழுவும் பழக்கமுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சமையலறையிலாவது ஓடுகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

பூசை அலமாரியைக் கடைசி நேரத்தில் நினைத்துக்கொள்வது நம் வீடுகளில் மட்டும் காணும் தவறு. விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்துக்கு நேர்மேலே பிளைவுட் தட்டு வந்தால், லேமினேட் சில மாதங்களில் பழுத்துக் கருகும். அது தீ விபத்துக்கும் வழிவகுக்கலாம். விளக்குக்கு மேலே திறந்த இடம் விட்டு, பின்சுவரில் நான்கைந்து ஓடுகளைப் பதித்தால் புகைக்கறையைத் துணியால் துடைத்துவிடலாம். அலமாரி முழுவதையும் தச்சரிடம் செய்யச்சொல்லாமல், விற்பனைக்கு வரும் பழைய தேக்கு அலமாரி ஒன்றை வாங்கி மெருகேற்றியவர்கள் எனக்குத் தெரிந்து இருவர் இருக்கிறார்கள். இரண்டு வீடுகளிலும் அந்த அலமாரிதான் கண்ணை முதலில் இழுக்கிறது.

பழைய பொருள் வாங்கும்போது மின்தூக்கியின் உட்புறத்தையும் வாசலின் அகலத்தையும் அளந்துவிட்டுப் போங்கள். இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால், துகள்பலகையில் செய்த அலமாரியின் பின்புறத்தில் பூஞ்சை மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பயன்படாத பழைய தளவாடங்களைத் தாழ்வாரத்தில் வைப்பதையும் தவிருங்கள். அவசரகாலத்தில் வெளியேற அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும். நகர மன்றத்திடம் முன்கூட்டிப் பதிந்துகொண்டால் பெரிய பொருள்களை அவர்களே எடுத்துச்செல்வார்கள், ஆனால் இடித்த ஓடு, சிமெண்டு போன்ற புதுப்பிப்புக் கழிவுகளைக் குத்தகையாளர்தான் அகற்ற வேண்டும்.