கிரேக்கர்கள் செஸ் ஆடவில்லை: பழைய பலகை ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ராய் போர்க் கதையின் வீரர்களான அகில்லீஸும் அயாக்ஸும் குனிந்து விளையாடும், கறுப்பு உருவங்கள் தீட்டிய பழைய கிரேக்கச் சாடியின் படத்தைப் போட்டு, "கிரேக்க வீரர்கள் செஸ் ஆடுகிறார்கள்" என்று எழுதுவதை முதலில் விடுங்கள். எக்ஸேகியாஸ் என்ற கிரேக்க ஓவியர் அதைத் தீட்டியது கி.மு. 540-530 வாக்கில், செஸ்ஸுக்கு மூதாதையான சதுரங்கம் இந்தியாவில் தலைகாட்டியதே அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு கழித்துத்தான். இத்தனைக்கும் விடை அந்தச் சாடியிலேயே இருக்கிறது. இப்போது வத்திகானில் உள்ள அதில், இருவரும் ஈட்டிகளைக்கூடக் கீழே வைக்காமல் பலகைமேல் கையை நீட்டியிருக்க, அகில்லீஸ் வாயருகே 'நான்கு' என்றும் அயாக்ஸ் வாயருகே 'மூன்று' என்றும் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. செஸ்ஸில் யார் எண் சொல்வார்கள்? பகடையில் விழுந்ததைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

அடுத்து, எல்லாவற்றையும் 'பெட்டெய்யா' என்ற ஒரே ஆட்டமாக்கி விடுவது. அது காய் நகர்த்தும் ஆட்டங்களுக்குப் பொதுப்பெயர் மாதிரி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பொல்லக்ஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். ஒன்று ஐந்து கோடு: ஆளுக்கு ஐந்து காய், நடுக்கோட்டுக்குப் 'புனிதக் கோடு' என்று பெயர். இன்னொன்று 'பொலிஸ்', அதாவது நகரம்: கட்டம் போட்ட பலகை, இரண்டு நிறக் காய்கள், காய்க்கு 'நாய்' என்று பெயர். இதில் தாண்டிக் குதித்து வெட்டுவது கிடையாது, எதிரியின் ஒரு காயை உங்கள் இரண்டு காய் நடுவில் மாட்டவைத்தால்தான் அது போகும். அதனால்தான் கூட்டத்தை விட்டுத் தனியே போன காய்க்கு ஆபத்து. நகரமில்லாத மனிதனை அரிஸ்டாட்டில் ஒப்பிட்டதும் அந்தத் தனிக்காயோடுதான்.

இன்று கிரேக்க ஆட்டம் என்று பெட்டியில் விற்கிறார்களே, அந்த 8x8 பலகையும் முழு விதிகளும் இக்காலத்தவர் ஊகித்துச் சேர்த்தவை. ஆடுங்கள், தப்பில்லை, ஆனால் சாக்ரடீஸ் இப்படியேதான் ஆடினார் என்று சத்தியம் செய்யாதீர்கள்.

இந்த ஆட்டங்களை யார் கண்டுபிடித்தது என்று ஒரே பெயரைச் சொல்வதும் வேண்டாம். பிளேட்டோ கதையில் எகிப்தின் தெய்வம் தேயுத், இன்னொரு மரபில் ட்ராய் முற்றுகையில் இருந்த கிரேக்க வீரன் பலமேடெஸ். இன்றைய துருக்கியின் மேற்கில் வாழ்ந்த லிடியர்களோ பகடையையும் பந்தையும் தாங்களே கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள், காய் ஆட்டத்தை மட்டும் உரிமை கோரவில்லை என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

அப்புறம் எலும்புக்காய். ஆட்டின் கணுக்கால் எலும்பை வீசி ஆடியதைப் பகடையோடு குழப்பாதீர்கள். அது நாலு பக்கமாகத்தான் விழும், எண்கள் 1, 3, 4, 6. இரண்டும் ஐந்தும் கிடையாது.