ஒரு கன்டெய்னரின் தாமதத்தில் தொடங்கி நாட்டின் போட்டித்திறனை அளப்பது எப்படி

எம்பிஏ ப்ராஜெக்டோ, தொழில் சங்கத்தின் மனுவோ, அரசுக்குப் போகும் கொள்கைக் குறிப்போ, எதுவாக இருந்தாலும் "சரக்குப் போக்குவரத்தும் தொழில் விதிமுறைகளும் நாட்டின் போட்டித்திறனை எப்படிப் பாதிக்கின்றன" என்று எழுத உட்காருகிறவர்கள் முதலில் உலக வங்கியின் தரவரிசையை இறக்கி, அதில் இந்தியா எத்தனையாவது இடம் என்றுதான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அது எங்கெங்கே நின்றது, யார் கையில் நின்றது, அதனால் எவ்வளவு காசு போனது என்று கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு தரவரிசையைத் திறந்தால் அதில் எது உபயோகம், எது வெறும் சத்தம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்குத் திருப்பூர் பின்னலாடையை வைத்துக்கொள்கிறேன். லாரியில் தூத்துக்குடி, அங்கிருந்து ஃபீடர் எனப்படும் சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா அல்லது அமெரிக்கா என்பது பலரும் போகிற பாதை.

நேரக் குறிப்புகளைச் சேர்ப்பது

எக்செலைத் திறந்து ஒரு வரிக்கு ஒரு கன்டெய்னர் என்று போடுங்கள். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நேரம், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்கான ஏற்றுமதிப் படிவம்) தாக்கலான நேரம், துறைமுக கேட்-இன் (வாசலுக்குள் நுழைந்தது), சுங்கத்துறை எல்இஓ (ஏற்றுமதி அனுமதி) கொடுத்த நேரம், கப்பல் கிளம்பியது, கொழும்பில் இறங்கியது, மறுபடி ஏறியது, பையரின் துறைமுகத்தில் இறங்கியது. சுங்கம் சம்பந்தப்பட்டது சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் கிடைக்கும், கப்பல் நகர்வுகள் ஷிப்பிங் லைனின் ட்ராக்கிங் பக்கத்தில் கிடைக்கும், மிச்சமெல்லாம் உங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்டான சிஎச்ஏ-வின் வாட்ஸ்அப்பில் இருக்கும். அவரிடம் நல்லபடியாகப் பேசி வாங்குங்கள், ஏனென்றால் "ஏன் நின்றது" என்ற விவரம் வேறெங்கும் பதிவாகியிருக்காது.

முப்பது நாற்பது கன்டெய்னராவது வேண்டும், சீசன் மாதம், டல் மாதம் இரண்டும் வர வேண்டும். "எது லேட்டாச்சு, சொல்லுங்க" என்று கேட்டுச் சேர்க்காதீர்கள், அப்படிக் கேட்டால் லேட்டானது மட்டும்தான் நினைவுக்கு வரும். ஒரு மாதத்தில் போனது எல்லாவற்றையும் வரிசையாக வாங்குங்கள்.

சாயம், ஜிப், மெஷின் பாகம் என்று இறக்குமதியும் உண்டு என்பதால் அதற்கும் இதே போல ஒரு தாள்: கப்பல் வந்தது, பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) தாக்கல், மதிப்பீடு, வரி கட்டியது, சோதனை, அவுட் ஆஃப் சார்ஜ் (சுங்கத்தின் விடுவிப்பு உத்தரவு), கேட்-அவுட்.

இப்போது ஒவ்வொரு இடைவெளிக்கும் பக்கத்தில் "யார் கையில்" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். இதைத் தவிர்த்தால் எல்லாப் பழியும் கஸ்டம்ஸ் தலையில் விழும். இந்தியச் சுங்கத்துறையே வருடத்தில் ஒரு வாரத் தரவை வைத்து தேசிய அளவில் சரக்கு விடுவிப்பு நேர ஆய்வு நடத்துகிறது. 2023 ஆய்வில் கடல் துறைமுகங்களின் இறக்குமதி விடுவிப்பு நேரம் சராசரியாக 85 மணி 42 நிமிடம். இலக்கு 48 மணி. பார்த்தவுடன் "அதிகாரிகள் தாமதம்" என்று எழுதத் தோன்றும், ஆனால் அந்த 85 மணிக்குள் இறக்குமதியாளர் பில் போடாமல் இருந்த நேரம், வரி கட்டத் தாமதித்த நேரம், உணவுப் பாதுகாப்புத் துறை, தாவரத் தனிமைப்படுத்தல் மாதிரியான வேறு துறைகளின் சான்றுக்குக் காத்திருந்த நேரம் எல்லாமே அடங்கும். கப்பல் வருவதற்கு முந்தைய நாளே பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும் என்று 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். முன்கூட்டியே பில் போட்டு, ரிஸ்க் சிஸ்டத்தில் சோதனைக்கு மாட்டாமல், நம்பகமான நிறுவனம் என்று சுங்கத்துறை தரும் ஏஇஓ தகுதியும் வைத்திருக்கிற கம்பெனியின் பெட்டி சராசரியைவிட எவ்வளவோ சீக்கிரம் வெளியே வந்துவிடும். துறைமுகமும் அதே, அதிகாரியும் அதே.

ஏற்றுமதியில் வேறு விதமான சிக்கல். எல்இஓ சீக்கிரம் கிடைத்துவிடும், பெட்டி கப்பலுக்காகக் காத்துக்கிடக்கும். முதலாவது விதிமுறை நேரம், இரண்டாவது போக்குவரத்து நேரம், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதாதீர்கள். கப்பல் வாரத்துக்கு ஒன்று என்றால் சுங்கத்தில் அரை நாள் மிச்சம் பிடித்தாலும் பெட்டி அதே கப்பலில்தான் போகும். கட்-ஆஃப் (கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கெடு) தவறும் நிலையில் இருக்கும் சரக்குக்கு மட்டும் அந்த அரை நாள் ஒரு வாரத்துக்குச் சமம். சீர்திருத்தத்தால் எத்தனை மணி நேரம் குறைந்தது என்பதைவிட எத்தனை பெட்டி கட்-ஆஃபைப் பிடித்தது என்று எண்ணுவது மேல்.

சராசரியோடு நிறுத்தாதீர்கள்

இரண்டு பாதைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் எந்தப் பெட்டியும் 5 நாளில் போய்விடும். இரண்டாவதில் பத்துப் பெட்டியில் எட்டு 3 நாளில் போகும், இரண்டு 8 நாள் எடுக்கும், ஆக சராசரி 4 நாள். தாளில் இரண்டாவதுதான் சிறந்தது. ஆனால் எந்த இரண்டு பெட்டி மாட்டும் என்று ஏற்றுமதியாளருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் பையருக்குத் தேதி கொடுக்கும்போது 8 நாள் என்று கணக்கு வைத்துத்தான் கொடுப்பார், இல்லையென்றால் கடைசி நேரத்தில் சொந்தக் காசில் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். எனவே அந்தப் பாதையின் உண்மையான "நேரம்" 8 நாள். சராசரி, இடைநிலை மதிப்பு, பத்தில் ஒன்பது பெட்டிகள் முடிந்த நேரம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கடைசி இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் என்னைப் பொறுத்தவரை போட்டித்திறனுக்கு மிக நெருக்கமான எண், பெரும்பாலான அறிக்கைகளில் இருக்காத எண்ணும் அதுதான்.

நாளைக் காசாக மாற்றுவது

ஒரு கன்டெய்னரில் 40 லட்ச ரூபாய் சரக்கு, வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் ஒரு நாள் தாமதத்தின் வட்டி சுமார் 1,100 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். டேவிட் ஹம்மல்ஸும் கியோர்க் ஷவ்ரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க இறக்குமதித் தரவை எடுத்துக்கொண்டு, சீக்கிரம் வருவதற்காக இறக்குமதியாளர்கள் விமானக் கட்டணம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டது. வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் சரக்கு மதிப்பில் 0.6 முதல் 2.1 சதவீதம் வரி போட்டதற்குச் சமம் என்பது அவர்கள் முடிவு. நம் 40 லட்சத்துக்கு அது ஒரு நாளைக்கு 24,000 முதல் 84,000 ரூபாய் வரை! வட்டிக் கணக்கைப் போல இருபது மடங்குக்கும் மேல், ஏனென்றால் பையருக்கு முக்கியம் வட்டி இல்லை, சீசன் முடிவதற்குள் சட்டை கடைக்கு வருவதுதான். இந்த விகிதத்தை அப்படியே தூக்கி கிரானைட்டுக்கும் கயிற்றுக்கும் போடக் கூடாது, பொருளுக்குப் பொருள் மாறும். வட்டிக் கணக்கைக் கீழ் எல்லையாகவும் இதை மேல் எல்லையாகவும் வைத்து, டெமரேஜ், டிடென்ஷன் (பெட்டி துறைமுகத்தில் கிடப்பதற்கும், பெட்டியைத் திருப்பித் தரத் தாமதிப்பதற்கும் வரும் கட்டணங்கள்) பில்லைத் தனியாகக் காட்டுங்கள்.

நாட்டளவுக்கு வரும்போது "இந்தியாவின் லாஜிஸ்டிக்ஸ் செலவு ஜிடிபியில் 13–14 சதவீதம்" என்ற வாக்கியம் எல்லா மேடையிலும் வரும். என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் முறையாகக் கணக்கிட்டபோது 2021-22-க்குக் கிடைத்தது 7.8 முதல் 8.9 சதவீதம். இத்தனை வருடம் மேற்கோள் காட்டப்பட்ட எண் வெகுவாக இறங்கிவிட்டது. ரோடுகள் திடீரென்று நன்றாகிவிட்டதால் வந்த மாற்றம் இல்லை இது, கணக்கிடும் முறையால் வந்தது. எந்த எண்ணை எடுத்தாலும் முறையை ஒரு வரியில் எழுதிவிட்டு எடுங்கள்.

விதிமுறையை அளப்பது

தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்திய உலக வங்கியின் டூயிங் பிசினஸ் அறிக்கையில் இந்தியா 2015 பதிப்பில் 142-ஆவது இடம், 2020 பதிப்பில் 63. இந்தியா முழுவதற்கும் என்று சொல்லப்பட்ட அந்த எண் மும்பை, டெல்லி என்ற இரண்டே நகரங்களின் தரவில் நின்றது. எல்லை தாண்டிய வர்த்தகம் என்ற பிரிவின் கணக்கே 2016 பதிப்பில் மாறியது, எனவே அதற்கு முன்பின் எண்களை ஒரே கோட்டில் வரையக் கூடாது. கடைசியில் 2018, 2020 பதிப்புகளின் தரவில் குளறுபடி என்று கண்டுபிடித்து 2021 செப்டம்பரில் அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2024-இல் பி-ரெடி என்ற புதிய அறிக்கை வந்தது. அந்த முதல் பதிப்பின் 50 நாடுகளில் இந்தியா இல்லை.

எனக்கு டூயிங் பிசினஸ் அறிக்கையின் மேல் இருந்த முக்கியமான குறை வேறு. அது பெரும்பாலும் சட்டத்தில் உள்ளபடி எத்தனை நாள் என்று வக்கீல்களிடமும் ஆடிட்டர்களிடமும் கேட்டது. மேரி ஹால்வர்ட்-டிரைமையரும் லான்ட் பிரிச்செட்டும் 2015-இல் அதையும், கம்பெனிகளையே நேரில் கேட்கும் உலக வங்கியின் இன்னொரு கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. ஒரே நாட்டுக்குள் ஒரே அனுமதிக்கு ஒரு கம்பெனிக்குச் சில நாளும் இன்னொன்றுக்குச் சில மாதமும் ஆகியிருந்தது. நம் ஊரில் இதை ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை, "ஆள் தெரிஞ்சா ஒரு வாரம்" என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எண்ணாக எழுதினால்தான் வாதமாகும்.

அதனால் ஏதாவது ஒரே ஒரு நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதியாளருக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் நல்ல தேர்வு: சட்டத்தில் 60 நாள் என்று கெடு உண்டு, தாண்டினால் வட்டி உண்டு, முடங்கும் பணம் எவ்வளவு என்பதும் தெரியும். சாயப் பட்டறை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. இருபது கம்பெனிகளிடம், சின்னது பெரியது கலந்து, மூன்றே கேள்வி: கடைசியாக எத்தனை நாள் ஆனது, இதுவரை மிக மோசமாக எத்தனை நாள் ஆனது, எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள். "கவனித்தீர்களா" என்று நேராகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், "இந்தத் தொழிலில் பொதுவாக இதற்கு எவ்வளவு செலவாகும்" என்று கேளுங்கள்.

இப்போது தரவரிசை

உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸில் இந்தியா 2014-இல் 54, 2016-இல் 35, 2018-இல் 44, 2023-இல் 38. நம் துறைமுகங்கள் இப்படி ஏறி இறங்கி ஏறவில்லை. சரக்கு அனுப்பும் நிறுவனத்தாரிடம் சுங்கம், கட்டமைப்பு, கப்பல் ஏற்பாடு, சேவைத் தரம், பின்தொடர்தல், நேரம் தவறாமை என்ற ஆறு விஷயங்களில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டுப் போடுவது இது. நடுவில் உள்ள நாடுகளின் மதிப்பெண்கள் நெருங்கி இருக்கும், கொஞ்சம் அசைந்தாலும் பத்து இடம் மாறும். இடத்தை விட்டுவிட்டு மதிப்பெண்ணையும் அதன் மேல், கீழ் எல்லைகளையும் எடுங்கள். 2023 பதிப்பில் கன்டெய்னர் தங்கும் நேரத்தை நிஜ நகர்வுத் தரவில் இருந்தும் கொடுத்தார்கள்: 2022 மே முதல் அக்டோபர் வரை இந்தியாவில் சுமார் 3 நாள், அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 10. அதே பதிப்பில் மதிப்பெண்ணில் ஜெர்மனி மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. அந்தக் கோடையில் ஜெர்மன் துறைமுகங்களில் வேலைநிறுத்தம், நெரிசல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருத்துக் கணிப்பும் கடிகாரமும் இப்படி முட்டிக்கொள்ளும் இடங்களைத் தேடிப் பிடித்து எழுதுங்கள், படிப்பவருக்கு அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐநாவின் வர்த்தக அமைப்பான அங்டாடின் கப்பல் இணைப்புக் குறியீட்டையும் பாருங்கள், ஆனால் இலங்கைக்கு அதில் கிடைக்கும் உயர்ந்த எண் கொழும்பில் கப்பல் மாறும் சரக்கால் வருவது. நம் திருப்பூர் சட்டையும் அதில் சேர்த்தி. கொழும்பில் உள்ள ஒரு சின்ன ஏற்றுமதியாளருக்கு அனுமதி எவ்வளவு எளிது என்பதை அது சொல்லாது.

போட்டித்திறனோடு இணைப்பது

இங்கேதான் பலர் வழுக்கி விழுவது. பங்களாதேஷ் டூயிங் பிசினஸ் 2020-இல் 168, லாஜிஸ்டிக்ஸில் 2023-இல் 88. சிட்டகாங்கில் இருந்தும் பெரும்பாலான பெட்டிகள் கொழும்பு, சிங்கப்பூர் என்று போய்த்தான் பெரிய கப்பல் ஏறுகின்றன. ஆனாலும் ஆடை ஏற்றுமதியில் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தரவரிசையை மட்டும் நம்பினால் இதை விளக்கவே முடியாது. குறைந்த கூலி, பெரிய பெரிய தொழிற்சாலைகள், மிகப் பின்தங்கிய நாடு என்பதால் ஐரோப்பாவில் வரியில்லா நுழைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆடைக்கு ஐரோப்பிய வரி 12 சதவீதம் வரை போகும், மேலே சொன்ன தாமத விகிதத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை நாளுக்குச் சமம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே நாடுகளின் மதிப்பெண்ணையும் ஏற்றுமதியையும் ஒரு படத்தில் போட்டுக் கோடு வரைந்து "நிரூபணம்" என்று சொல்லாதீர்கள். பணக்கார நாட்டில் இரண்டுமே அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். "போட்டித்திறன்" என்பதற்கும் ஒரு திட்டமான அளவை வைத்துக்கொள்ளுங்கள்: பின்னலாடை என்றால் சுங்கப் பொருள் குறியீட்டில் எச்எஸ் 61, ஐரோப்பிய இறக்குமதியில் நம் பங்கு எவ்வளவு, அது எப்படி மாறியது. ஐநாவின் காம்ட்ரேடில் தரவு இலவசமாகவே கிடைக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு துறைமுகத்தில் ஏதோ ஒரு சீர்திருத்தம் வந்தது என்றால் அதற்கு முன்பும் பின்பும் உள்ள மாதங்களைப் பிரித்து, அவசரச் சரக்கையும் ஆறப்போட்டால் கெடாத சரக்கையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு பக்கம் பேஷன் ஆடை, இன்னொரு பக்கம் கிரானைட். சீர்திருத்தம்தான் காரணம் என்றால் ஆடை ஏற்றுமதி அதிகம் நகர வேண்டும், கிரானைட் அவ்வளவாக நகரக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் டாலர் விலையையோ வெளிநாட்டுத் தேவையையோ போய்ப் பாருங்கள், அறிக்கையில் சீர்திருத்தத்துக்கு மார்க் போடாதீர்கள்.