பால்மிட்டிக் அமிலத்துக்கு எத்தனை ஏடிபி? காகிதத்தில் வெட்டிப் பார்க்கும் முறை

பால்மிட்டிக் அமிலம் என்ற 16 கார்பன் கொழுப்பு அமிலம் முழுதாக எரிந்தால் எத்தனை ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும்? பழைய பாடநூலில் 129, புதிய பாடநூலில் 106. இரண்டுமே ஒரே கணக்குதான். இடையில் மாறியது ஏடிபி மாற்று விகிதம் மட்டும். அது புரிய, அமிலம் உடையும் வழியை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். கிரப்ஸ் சுழற்சி (இரண்டு கார்பன் துண்டுகளை எரித்து ஆற்றல் எடுக்கும் வினைச்சுழல்) தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். வண்ணப் படங்களைப் பார்த்துப் படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் அம்புக்குறிதான் நினைவில் நிற்கும், எண்ணிக்கை நிற்காது.

படி 1: வரைதல். 16 புள்ளிகளைக் கோணல்மாணலாக இணையுங்கள். கார்பாக்சில் முனையில் இருக்கும் கார்பன் 1, அடுத்தது ஆல்ஃபா, மூன்றாவது பீட்டா. ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவில்தான் வெட்டு விழும்.

படி 2: கோ-ஏ (கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறு) மாட்டுதல். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகுமுன் அமிலத்தின் முனையில் கோ-ஏ ஏற வேண்டும். இதற்கு ஒரு ஏடிபி செலவு. ஆனால் கணக்கில் 2 என்று எழுதுங்கள். ATP இங்கே ஒரு பாஸ்பேட் குறைந்த ADPயாக இறங்காமல் நேரே இரண்டு குறைந்த ஏஎம்பி (AMP) ஆகிவிடுகிறது, கூடவே பைரோபாஸ்பேட் வெளியேறி அதுவும் உடனே பிளந்துவிடுகிறது. ஆக, இரண்டு உயராற்றல் பிணைப்புகள் போயின. அந்தப் பிளவு இருப்பதால்தான் வினை திரும்பி வராமல் முன்னே ஓடுகிறது.

படி 3: கார்னிட்டின். உட்சவ்வு கோ-ஏ மாட்டிய நீள்சங்கிலியை விடாது. வெளிச்சவ்வில் உள்ள சிபிடி-1 என்ற நொதி கோ-ஏவைக் கழற்றிக் கார்னிட்டின் என்ற சுமக்கும் மூலக்கூறை மாட்டும். உள்ளே சிபிடி-2 அதைக் கழற்றி மறுபடி கோ-ஏவை மாட்டும். ஏடிபி செலவில்லை. சாப்பிட்டதும் உடல் கொழுப்பு தயாரிக்கத் தொடங்கும்போது உருவாகும் மலோனைல் கோ-ஏ, சிபிடி-1ஐப் பூட்டிவிடும். கட்டுவதும் இடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்காமல் இருக்க இதுவே தாழ்ப்பாள்.

படி 4: ஒரு சுற்று. ஹைட்ரஜன் நீக்கம் (கழன்ற ஹைட்ரஜனைச் சுமக்கும் ஒரு எஃப்ஏடிஎச்2), நீர் சேர்த்தல், மறுபடி ஹைட்ரஜன் நீக்கம் (அதே வேலை செய்யும் ஒரு என்ஏடிஎச்), பிறகு இன்னொரு கோ-ஏ வந்து பிளத்தல். இரண்டு கார்பன் அசைட்டைல் கோ-ஏவாகக் கழன்று விழும். இரண்டிரண்டாகக் கழல்வதை 1904இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஃபிரான்ஸ் க்னூப் கண்டுபிடித்த விதம் அழகானது. கொழுப்பு அமிலங்களின் வால் நுனியில் உடலால் உடைக்க முடியாத பென்சீன் வளையத்தைக் கட்டி நாய்களுக்குக் கொடுத்தார். சங்கிலி இரட்டைப்படை என்றால் சிறுநீரில் ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தின் வழிப்பொருள், ஒற்றைப்படை என்றால் பென்சாயிக் அமிலத்தின் வழிப்பொருள். கார்பன் ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

முதல் ஹைட்ரஜன் நீக்கம் தடைபட்டால் என்ன ஆகும்? பீகாரின் முசாஃபர்பூரில் இரவு சாப்பிடாமல் படுத்த, ஊட்டம் குறைந்த குழந்தைகள் லிச்சிப் பழம் தின்று வலிப்பு வந்து விழுந்தார்கள். பழத்தில் உள்ள ஹைப்போகிளைசினிலிருந்து உண்டாகும் பொருள் இந்த முதல் ஹைட்ரஜன் நீக்கத்தைச் செய்யும் நொதியை முடக்குகிறது. வெறும் வயிற்றில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்யக் கொழுப்பிலிருந்து வரும் ஆற்றலைத்தான் நம்பியிருக்கிறது. அது நின்றதும் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

படி 5: சுற்றுகளை எண்ணுதல். பெரும்பாலான விடைகள் தப்பாவது இங்கேதான். 16 கார்பன், எட்டு அசைட்டைல் கோ-ஏ, ஆகவே எட்டுச் சுற்று என்று கை தானாக எழுதிவிடும். ஒரு கரும்பை எட்டுத் துண்டாக்க எத்தனை வெட்டு? ஏழு. கடைசி வெட்டில் இரண்டு துண்டுகள் ஒன்றாகக் கிடைக்கின்றன. நான்கு கார்பன் மீதமிருக்கும் நிலையைத் தனியாக வரைந்து பார்த்தால் சந்தேகம் போய்விடும். கார்பன் எண்ணிக்கையை இரண்டால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள், அதுதான் சுற்று.

படி 6: கூட்டல். ஒரு அசைட்டைல் கோ-ஏ கிரப்ஸ் சுழற்சியில் எரிந்தால் 10 ஏடிபி, ஒரு என்ஏடிஎச்சுக்கு 2.5, ஒரு எஃப்ஏடிஎச்2க்கு 1.5.
8 அசைட்டைல் கோ-ஏ × 10 = 80
7 என்ஏடிஎச் × 2.5 = 17.5
7 எஃப்ஏடிஎச்2 × 1.5 = 10.5
மொத்தம் 108. படி 2இன் 2ஐக் கழித்தால் 106.

பழைய விகிதத்தில் இவை 12, 3, 2. அப்போது 96 + 21 + 14 = 131, கழித்தால் 129. தேர்வில் எந்த விகிதத்தை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டையும் கலந்து போடுவதுதான் உண்மையான பிழை.

சரிபார்க்க ஸ்டியரிக் அமிலத்தை (18 கார்பன்) போட்டுப் பாருங்கள், 120 வர வேண்டும்.

பின்சேர்க்கை 1: ஒலியிக் அமிலம். அதிலும் 18 கார்பன்தான், ஆனால் ஒன்பதாவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று சுற்று முடிந்ததும் அது தவறான இடத்தில் வந்து நிற்கும். ஐசோமரேஸ் நொதி அதை நகர்த்திச் சரிசெய்யும். அந்தச் சுற்றில் முதல் ஹைட்ரஜன் நீக்கம் தேவையில்லை என்பதால் ஒரு எஃப்ஏடிஎச்2 குறையும். விடை 118.5.

பின்சேர்க்கை 2: ஒற்றைப்படைச் சங்கிலி. 17 கார்பன் என்றால் ஏழு சுற்று, ஏழு அசைட்டைல் கோ-ஏ, கடைசியில் மூன்று கார்பன் புரோப்பியோனைல் கோ-ஏ. அதை எட்டாவது அசைட்டைல் கோ-ஏவாக எண்ணிவிடாதீர்கள். பயோட்டின், பி12 உதவியோடு அது சக்சினைல் கோ-ஏவாக மாறிக் கிரப்ஸ் சுழற்சிக்குள் நடுவழியில் ஏறுகிறது. பி12 குறைந்தவர்களின் இரத்தத்தில் மீத்தைல்மலோனிக் அமிலம் கூடுவது இந்த இடத்தில் வழி அடைபடுவதால்தான்.